பீப்பாயின் மேல் தண்ணீர்

எங்கள் அப்பாவுக்குக் குளிர் ஆகாது. அப்படிப்பட்ட மனிதர் பதுளைக் கடைத்தெருவில் சோடாக் கம்பெனி வைத்து நடத்தினார் என்றால், அது எந்தக் கிரகத்தின் வேலையோ தெரியவில்லை. பதுளைக் குளிர் ஒன்றும் நுவரெலியாக் குளிர் இல்லை. மற்ற கடைக்காரர்கள் தோளில் ஒரு துண்டோடு உட்கார்ந்திருப்பார்கள். அப்பா மட்டும் காதை மூடித் துண்டு கட்டி, மேலே கம்பளி போர்த்தி, அந்தக் கோலத்தோடு ஐஸ் தண்ணீரில் கையை விடுவார். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துச் சிரிப்பார்கள். எனக்கும் சிரிப்பு வரும். அப்பாவுக்கு முதுகு காட்டிச் சிரிப்பேன்.

எனக்கு அப்போது பதினேழு வயது. அம்மா போய் எட்டு வருஷம் ஆகியிருந்தது. மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்து வகுப்புப் படித்துவிட்டு, வீட்டில் சோறு ஆக்குவதும் பின்கட்டில் சோடாப் போத்தல் கழுவுவதுமாக இருந்தேன். முன்பக்கம் கடை, நடுவில் வீடு, பின்கட்டில் மெஷின். ரயில் அந்த நாளில் பண்டாரவளையோடு நின்றுவிடும். அங்கிருந்து பதுளைக்கு எது வந்தாலும் மாட்டு வண்டியில்தான் வர வேண்டும்.

சோடா மெஷினைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கழுத்தில் கோலிக்குண்டு உருளும் தடித்த போத்தலில் தண்ணீரை நிரப்பி, மெஷினில் மாட்டி, இரும்பு உருளையிலிருந்து காஸைத் திறந்துவிட்டுச் சக்கரத்தைச் சுற்ற வேண்டும். போத்தல் குட்டிக்கரணம் போடும். காஸ் தண்ணீரில் இறங்கும். மிஞ்சிய காஸ் கோலிக்குண்டைக் கழுத்தில் தள்ளி அடைத்துக்கொள்ளும். இதில் ஒரே ஒரு சங்கதிதான் முக்கியம்: தண்ணீர் எவ்வளவு குளிர்ந்திருக்கிறதோ அவ்வளவு காஸ் உள்ளே தங்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் அடைத்த சோடா, திறந்ததும் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுச் செத்துப் போகும்.

ஆகவே ஐஸ் வேண்டும். கொழும்பிலிருந்து வாரம் ஒரு முறை, மரத்தூளும் சாக்குமாகச் சுற்றிய பெட்டியில் ரயிலேறி வரும். அங்கே ஆட்டுக்கல் அளவில் புறப்பட்டது, எங்கள் வாசலில் இறங்கும்போது பாதியாகக் கரைந்திருக்கும். அதைப் போடுவதற்கு அப்பா ஒரு பீப்பாய் செய்து வைத்திருந்தார். பெரிய பீப்பாய்க்குள் சின்னப் பீப்பாய், இடைவெளியில் மரத்தூள், மேலே கனத்த மூடி, அடியில் ஒரு பித்தளைக் குழாய். நல்ல வேலைப்பாடுதான், குறை சொல்ல மாட்டேன். குறை எல்லாம் அதற்குள் அவர் ஐஸை வைத்த விதத்தில் இருந்தது.

அப்பா ஐஸை ஒரு கோணிப்பையில் போட்டு, கூடவே என் அம்மிக் குழவியையும் போட்டுக் கட்டி, பீப்பாயின் அடியில் முக்கிவிடுவார். ஐஸ் மிதக்கக் கூடாதாம்.

"சோத்துப் பானைக்கு அடுப்பை எங்க வைக்கிறோம்? அடியில. அடியில வச்சாத்தான் பானை முழுக்கச் சூடு ஏறும். குளிரும் அப்படித்தான் ஏறணும். ஐஸைத் தலையில தூக்கி வச்சா அடித்தண்ணி எப்படிக் குளிரும்?" என்பார்.

கேட்கிற யாரும் தலையாட்டிவிடுவார்கள். நானும் பல வருஷம் ஆட்டியிருக்கிறேன். ஆனால் எங்கள் சோடாவுக்கு ஒரு கெட்ட பெயர் இருந்தது. முதல் பத்துப் பன்னிரண்டு போத்தல் மூக்கில் ஏறும். அதற்குப் பிறகு அடைத்ததெல்லாம் சவம். ஒரே பெட்டியில் ஒன்று சீறும், அடுத்தது தூங்கும். ஞாயிற்றுக்கிழமை தேயிலைத் தோட்டங்களிலிருந்து இறங்கி வருகிற சனங்கள் அதைப் பெரிதுபடுத்துவதில்லை. ஏப்பம் வந்தால் கும்பிடு போடுவார்கள், வராவிட்டால் திட்டிவிட்டு இன்னொன்று கேட்பார்கள். துரைமார் கிளப்பில் அந்தத் தாராளம் கிடையாது. முந்தின வருஷம் குதிரைப் பந்தய வாரத்தில் ஏதோ ஒரு துரையின் கிளாஸில் எங்கள் சோடா செத்துக் கிடந்ததாம். அதோடு பண்டாரவளையில் சோடாக் கடை வைத்திருந்த முஸ்லிம் வியாபாரி ஒருவரிடம் வாங்க ஆரம்பித்துவிட்டார்கள். ஊரே அவரை நானா என்றுதான் கூப்பிடும். ரயில் வாசலிலேயே கடை. ஐஸ் கரையாமல் கைக்கு வரும். அவரோடு போட்டி போடுவது லேசான காரியமில்லை.

அந்த வருஷம் கிளப்புச் செயலாளர் துரை, பந்தயத்துக்கு முந்தின சனிக்கிழமை இரண்டு பேர் சோடாவையும் குடித்துப் பார்த்து ஒருவரைத் தீர்மானிப்பதாகச் சொல்லி அனுப்பினார். அப்பா என்னைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

"நம்ம சோடாவை எடுத்தாங்கன்னா இங்கயே இருப்போம். இல்லாட்டி மெஷினை அந்த நானாகிட்டயே குடுத்துட்டு ஊருக்குப் போயிருவோம். இந்தக் குளிர் என் கையைத் தின்னுது."

ஊர் என்றால் திருச்சிப் பக்கம். நான் கண்ணால் பார்க்காத ஊர். அங்கே அத்தை மகன் ஒருவர் எனக்காகக் காத்திருப்பதாக வருஷத்துக்கு இரண்டு கடிதம் வரும். அவர் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது, பாவம். ஆனால் நான் பதுளையில் பிறந்தவள். காலையில் பின்கட்டுக் கதவைத் திறந்தால் நமுனுக்குலை மலை தலையில் மேகத்தை வைத்துக்கொண்டு நிற்கும். கடைத்தெருவில் என்னைத் தெரியாத ஆள் இல்லை. போத்தல் கழுவிக்கொண்டே தெருவின் வம்பு முழுவதையும் கேட்டு முடித்துவிடுவேன். இதையெல்லாம் விட்டுவிட்டு எங்கேயோ போய் யார் வீட்டிலோ தலை குனிந்து நிற்கும் நினைப்பே எனக்குப் பிடிக்கவில்லை. போக மாட்டேன் என்று மனசுக்குள் முடிவு கட்டிவிட்டேன். அப்பா கையைப் பற்றிச் சொன்னது என் காதில் விழவே இல்லை.

எங்கள் கடைக்கு ஞாயிறு தவறாமல் வருகிற ஒரு வாடிக்கைக்காரர் இருந்தார். எல்ல என்கிற ஊர்ப் பக்கத்துத் தோட்டமொன்றில், கொழுந்தைத் தேயிலையாக்கும் ஸ்டோரில் வேலை. இருபத்தைந்து வயதிருக்கும். மற்றவர்கள் பையில் கடிகாரம் வைத்திருப்பதுபோல இவர் ஒரு தெர்மாமீட்டர் வைத்திருப்பார். தேயிலை வாட்டுகிற அறையின் சூடு பார்த்துப் பார்த்து, கண்டதையெல்லாம் அளக்கும் வியாதி பிடித்துவிட்டது. ஒரு தரம் என் தேநீரை அளந்துவிட்டுத்தான் குடித்தார். நானும் அவரும் சேர்ந்து ஐஸைக் கரைத்த கதை என்றதும் வாசகர்கள் வேறு எதையாவது எதிர்பார்ப்பார்கள். அவருக்கு ஏற்கெனவே கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள்.

கிளப்புச் செய்தி வந்ததற்கு அடுத்த ஞாயிறு, முதல் தடவையாகப் பின்கட்டுக்குள் வந்தவர், குழவி கட்டிய கோணிப்பையைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார்.

"என்னங்க முதலாளி, தலைகீழா வச்சிருக்கீங்க? தண்ணி குளிர்ந்தா கனக்குமுங்க. கனத்தா கீழ போகும். ஐஸ் மேல மிதந்தா, அதைத் தொட்ட தண்ணி குளிர்ந்து கீழ இறங்கும். கீழ இருக்கிற வெதுவெதுப்பு மேல வந்து அதுவும் குளிரும். இப்படியே ஒரு ஓட்டம் ஓடி மொத்தப் பீப்பாயும் குளிரும். நீங்க ஐஸை அடியில முக்கிட்டீங்க. குளிர்ந்தது அடியிலயே கிடக்கு, மேல உள்ளது வெதுவெதுன்னு மேலயே கிடக்கு. குழாய்ல முதல்ல வாற பத்துப் போத்தல்தான் உருப்படும்."

அப்பாவுக்கு மூக்கு நுனி சிவந்துவிட்டது. "சோத்துப் பானையை யாரும் கூரையில தீ வச்சுச் சமைக்கிறதில்ல தம்பி," என்றார்.

எனக்கோ சுருக்கென்றது. பத்துப் போத்தல் கணக்கு அப்படியே எங்கள் சோடாவின் ஜாதகம். அவர் ஒரு கண்ணாடிக் கிளாஸில் தண்ணீர் ஊற்றி, ஒரு துண்டு ஐஸை மிதக்கவிட்டு, அதன் தலையில் துணிக்குப் போடும் நீலத்தைத் துளி தூவினார். ஐஸின் அடியிலிருந்து நீல நூல் ஒன்று புறப்பட்டு நேராகக் கிளாஸின் அடிக்கு இறங்கியது. நானும் அப்பாவும் தலையோடு தலை முட்டப் பார்த்தோம். அப்பா எழுந்து போய்விட்டார். தோற்றுப் போனால் அவர் வழக்கம் அது.

அடுத்த வாரம் ஐஸ் வந்ததும் குழவியைக் கேட்டார். "சட்னி அரைக்கணும், தர மாட்டேன்," என்றேன். அன்றைக்குச் சட்னியே கிடையாது என்பது அவருக்கும் தெரியும். முறைத்தார். பிறகு ஐஸைச் சும்மா மேலே போட்டு மூடினார்.

தெர்மாமீட்டர்க்காரரும் வந்துவிட்டார். நூலில் கட்டி அதைப் பீப்பாயின் அடிக்கு இறக்கி, கொஞ்ச நேரத்துக்கொரு தரம் தூக்கித் தூக்கிப் பார்த்தார். அது பாரன்ஹீட் கணக்கு; ஐஸுக்கு முப்பத்திரண்டு. எழுபது, அறுபது, ஐம்பத்திரண்டு என்று இறங்கிக்கொண்டே வந்தது. ஒவ்வொன்றையும் ஏலம் விடுகிறவர்போல அவர் கத்திச் சொன்னார். நாற்பத்தைந்து. நாற்பது. முப்பத்தொன்பது. அங்கே வந்து நின்றது, நின்றதுதான். ஒரு மணி நேரம் பார்த்தோம். இரண்டு மணி நேரம் பார்த்தோம். இம்மியும் அசையவில்லை. ஐஸோ ஒரு பூசணிக்காய் அளவுக்கு மேலே மிதந்துகொண்டிருந்தது.

"ஐஸ் பத்தலை," என்றார் அவர்.

"அதான் நான் அப்பவே சொன்னேன்," என்றார் அப்பா. அவர் சொன்னது வேறு; ஆனால் அந்த நேரத்தில் அதை யார் கேட்பது?

குழாயில் பிடித்து அடைத்தோம். எல்லாப் போத்தலும் ஒரே மாதிரி வந்தன. சவம் ஒன்றுகூட இல்லை. நானாவின் சோடாவை வாங்கி வந்து பக்கத்தில் வைத்துத் திறந்து பார்த்தோம். எங்களுடையது பரவாயில்லை, அவருடையது பிரமாதம். பரவாயில்லை என்கிற சோடாவை நம்பி நான் பதுளையில் இருக்க முடியாது.

மேல் தண்ணீரில் மரத்தூள் கொஞ்சம் மிதந்தது. அதை அள்ளக் கையை விட்டேன். எலும்புக்குள் ஊசி ஏற்றியதுபோல ஒரு வலி. கையை உதறிக்கொண்டு போய், தூள் போகக் குழாய்த் தண்ணீரில் கழுவினேன். அது இதமாக இருந்தது. இரண்டும் ஒரே பீப்பாய்த் தண்ணீர். திரும்பப் போய் மேலே விட்டேன், ஊசி. குழாயில் காட்டினேன், இதம்.

"அண்ணே, மேல் தண்ணிதான் கூடக் குளிருது," என்றேன்.

இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். அதுவரை ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்த இரண்டு ஆண்கள், என்னைப் பார்த்துச் சிரிப்பதென்றதும் எவ்வளவு சீக்கிரம் ஒற்றுமையாகிவிட்டார்கள்! "தங்கச்சி, போன வாரந்தானே நீலத்தைப் போட்டுக் காட்டினேன்? குளிர்ந்தது கீழதான் போகும்," என்றார் அவர், குழந்தைக்குச் சொல்வதுபோல.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. அவர் கையிலிருந்த நூலைப் பிடுங்கி, தெர்மாமீட்டரை ஐஸுக்கு ஒரு சாண் கீழே பிடித்துக்கொண்டு நின்றேன். பத்து நிமிஷம் அப்படியே பிடித்திருந்தேன். பிறகு தூக்கி அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன். முப்பத்து நான்கு.

அவர் அதை வாங்கித் தட்டினார், துடைத்தார், வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "ஒடஞ்சு போச்சு போல," என்றார். அடியில் விட்டால் மறுபடி முப்பத்தொன்பது. மேலே விட்டால் முப்பத்து நான்கு. உடைந்தது தெர்மாமீட்டர் இல்லை என்று அவர் முகமே சொல்லிற்று.

அடுத்த ஞாயிறு தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார். தான் படித்த பாடத்தின் அடுத்த பக்கத்திலேயே அது இருந்ததாம். அந்தப் பக்கத்தை அவர் புரட்டவில்லை. மற்ற எந்தப் பொருளும் குளிரக் குளிரச் சுருங்கிக் கனத்துக்கொண்டே போகுமாம். தண்ணீர் மட்டும் முப்பத்தொன்பது வரைக்கும் அப்படிப் போய்விட்டு, அதற்கும் கீழே குளிர்ந்தால் திரும்ப உப்பி லேசாகிவிடுமாம். ஆகவே முப்பத்தொன்பதை எட்டிய தண்ணீர்தான் எல்லாவற்றிலும் கனம். அது அடியில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்ளும். அதைவிடக் குளிர்ந்ததற்குக் கீழே இறங்கக் கனம் போதாது. ஐஸை ஒட்டிக்கொண்டு மேலேயே நிற்கும். அதோடு ஓட்டம் நின்றுபோகும். பீப்பாயின் அடியில் குழாய் வைத்திருந்த நாங்கள், ஐஸை மேலே போட்ட பிறகும் நல்ல தண்ணீரை மேலேயே விட்டுவிட்டு அடுத்த தரத்தைத்தான் போத்தலில் அடைத்திருக்கிறோம். தண்ணீர் உறைந்து கல்லான பிறகும் ஐஸ் ஏன் மிதக்கிறது என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை. அன்றைக்கு யோசித்தேன்.

துடுப்புப் போட்டுக் கலக்கினால் என்ன என்று கலக்கிப் பார்த்தோம். அடியும் குளிர்ந்தது, ஆனால் அத்தனை தண்ணீரையும் குளிர வைக்க முடியாமல், பாதி வேலையில் ஐஸ் கரைந்து போனது. அகப்பையில் மொண்டு புனல் வழியாக ஊற்றினால் வழியிலேயே குளிர் போனது. கடைசியில் அப்பாதான் வழி கண்டுபிடித்தார். அதை அவரிடமிருந்து நான் பறிக்க மாட்டேன். வெறும் போத்தலையே ஐஸுக்குப் பக்கத்தில் மேல் தண்ணீருக்குள் முக்கி நிரப்ப வேண்டும். கண்ணாடியும் சேர்ந்து குளிரும். மேலிருந்து எடுக்க எடுக்கத் தண்ணீர் மட்டம் இறங்கும். ஐஸும் கூடவே இறங்கி, அடுத்த தண்ணீரைக் குளிர வைக்கும். கடைசிச் சொட்டு வரைக்கும் நல்ல தண்ணீர்.

ஆனால் கையை உள்ளே விட்டே ஆக வேண்டும். முதலில் மணிக்கட்டு வரை, பிறகு முழங்கை வரை, மட்டம் இறங்க இறங்க முக்காலியில் ஏறிக் குனிந்து தோள் வரை.

நான் முக்குகிறேன் என்றேன். "பொம்பளைப் புள்ள கை. போய் சக்கரத்தைச் சுத்து," என்று விரட்டிவிட்டார்.

சனிக்கிழமை விடியற்காலை வண்டியில் ஐஸ் வந்தது. மணி பத்துக்குள் அப்பா மூன்று டஜன் முக்கி எடுத்தார். ஒவ்வொரு டஜனுக்கும் ஒரு தரம் கையைக் கம்பளிக்குள் விட்டுக்கொண்டு குதிப்பார். நான் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே, "என்னப்பா, காவடியா?" என்று கேலி செய்தேன். அவரும் சிரித்தார்.

கிளப்புக்கு நானும் வண்டியில் கூடப் போனேன். உள்ளே போக முடியாது. சமையல்காரர்கள் புழங்கும் குசினி வாசலில் நின்றேன். அங்கிருந்தே வராந்தா தெரிந்தது. முதலில் நானாவின் போத்தலைத் திறந்தார்கள். நல்ல சத்தம். பிறகு எங்களுடையது. குண்டு இறங்கிய வேகத்தில் செயலாளர் துரையின் சட்டைக் கை நனைந்துவிட்டது. குடித்தார், கண்ணை மூடினார், இன்னும் ஒரு போத்தல் கேட்டார். மூன்றாவதையும் நான்காவதையும் வேண்டுமென்றே பெட்டியின் அடியிலிருந்து எடுக்கச் சொன்னார். எல்லாம் ஒரே சீற்றம்.

நானாவும் ஒரு வாய் குடித்துப் பார்த்தார். "அண்ணாச்சி, ஐஸ் எங்க வாசல்லதானே இறங்குது? நீங்க என்ன வித்தை பண்ணினீங்க?" என்றார். கெட்ட எண்ணம் இல்லாத மனிதர்.

நான் குசினி வாசலிலேயே ஒரு குதி குதித்தேன். இனி ஊர் இல்லை, அத்தை மகன் இல்லை. என் மலையும் என் கடைத்தெருவும் எனக்கே.

துரை கை குலுக்கக் கையை நீட்டினார். அப்பா தன் கையைக் கொடுத்தார், அது மடங்கவில்லை. பலகைபோல நீட்டிக்கொண்டு நின்றது. துரை கவனித்தாரா தெரியவில்லை. பட்லர் அப்பாவுக்கும் ஒரு போத்தலை நீட்டினார். அதை எடுத்துக்கொண்டு குசினி வாசலுக்கு வந்தவர், கட்டை விரலால் குண்டை அமுக்கிப் பார்த்தார். மறுபடி அமுக்கினார். இருபது வருஷமாகச் சோடாப் போட்டவர், தன் சோடாவைத் தானே திறக்க முடியாமல் என்னிடம் நீட்டினார்.

"நீ திறம்மா," என்றார்.

அப்போதுதான் அந்தக் கையைச் சரியாகப் பார்த்தேன். விரல் கணுக்கள் எல்லாம் வீங்கி, நகங்கள் நீலம் பாரித்துக் கிடந்தன. அது அன்று ஒரு காலையில் வந்த வீக்கம் இல்லை. எத்தனையோ வருஷமாக வந்தது. தினமும் அந்தக் கைக்குச் சோறு போட்டிருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

திரும்பும் வழியில் வண்டியில் அவர், "சரிம்மா. இங்கயே இருப்போம்," என்றார், நல்ல குஷியாகத்தான்.

"வேணாம்ப்பா. ஊருக்கே போயிடலாம். அங்க வெயில் இருக்கு," என்றேன்.

"அட போடி. துரைகிட்டச் சொன்ன சொல்லு என்னாகுறது?"

அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை. மறுநாள் அவர் எழுந்து வருவதற்குள் இரண்டு டஜன் முக்கி முடித்துவிட்டேன். கத்தினார். மூன்றாவது டஜனுக்குக் கையை விட்டேன். பந்தய வாரம் முழுக்க அப்படித்தான் நடந்தது. அதற்குப் பிறகும் அப்படியேதான். அப்பா பீப்பாயில் கை விடவே இல்லை. முன்பக்கம் வெயில் விழுகிற இடத்தில் கம்பளியோடு உட்கார்ந்து, குளிர் மேலிருந்து எப்படி வேலை செய்கிறது என்று வருகிறவர்களுக்கெல்லாம் விளக்கிக்கொண்டிருப்பார். நான் இதே ஊரில் கல்யாணம் செய்துகொண்டேன். அவர் கடைசி வரை திருச்சிப் பக்கம் போகவில்லை. குளிர் காலத்தில் கை தாங்காதபோது மலைக்குக் கீழே மொனராகலைக்கு வண்டியேறிப் போய், சூட்டில் ஒரு வாரம் கிடந்துவிட்டு வருவார்.

இப்போது என் விரல்களும் காலையில் மடங்குவதில்லை. வெயில் ஏறிய பிறகுதான் பேனா பிடிக்க முடிகிறது. இதற்காக நான் யாரையும் நொந்துகொண்டதில்லை. என் ஊரில் இருந்தேன், சந்தோஷமாகவே இருந்தேன். வண்டியில் அன்றைக்கு நடந்தது ஒன்றுதான் இன்னமும் மனசை அறுக்கிறது. ஊருக்குப் போயிடலாம் என்று அப்பாவிடம் ஒரே ஒரு தரம்தான் சொன்னேன். இன்னொரு தரம் சொல்லியிருந்தால் அவர் சரி என்றிருப்பார். அது எனக்கு அப்போதே தெரியும்.